பனி உருகல், மண், கந்தகம்: மலைக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு?

மலைநடையன் எழுதியது:

வணக்கம். நான் மண்ணியல் படித்தவன் அல்லன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் மலையேறுபவன். ஜூன் மாதக் கடைசியில் நகருக்கு மேற்கே, மரங்கள் முடிந்துபோகும் 3,400 மீட்டர் உயரத்தில் பார்த்த ஒன்றும், அடுத்த வாரம் அதே மாநிலத்தின் மேற்கே உள்ள மாண்ட்ரோஸ் பக்கத்து வயலில் பார்த்த இன்னொன்றும் சேர்ந்துதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கின்றன.

மலையில் பள்ளமான ஓரிடத்தில் பனி இன்னும் இடுப்பளவு கிடந்தது. அதன் விளிம்பில், பனி விரற்கடை அளவுக்கு மெலிந்திருந்த இடத்தில், அதைத் துளைத்துக்கொண்டு பளபளப்பான மஞ்சள் பூ ஒன்று நின்றது. இருபதடி தள்ளி, காற்று பனியை வாரிக்கொண்டு போயிருந்த மேட்டிலோ, மெத்தை போலத் தரையோடு ஒட்டிய செடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மாண்ட்ரோஸில் மக்காச்சோள வயலின் ஓரமெங்கும் வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். உப்பை விடக் கசப்புதான் மேலோங்கியிருந்தது. அது சல்பேட், அதாவது கந்தகம் சேர்ந்த உப்பு என்று வயலுக்கு உரிய நண்பர் சொன்னார்.

புகையில் வரும் கந்தகத்தால் உண்டாகும் அமில மழை கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இவ்வளவு கந்தகம் எங்கிருந்து வருகிறது? உரத்திலிருந்தா, மலைப் பனியிலிருந்தா? மலையில் பனி உருகும் விதத்துக்கும் கீழே உள்ள வயலின் மண்ணுக்கும் தொடர்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வேரடிமண் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். மலைப் பகுதியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். வயலைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே உண்டு.

நீங்கள் பார்த்த மஞ்சள் பூ பனி பட்டர்கப் என்று அழைக்கப்படும் செடியாகத்தான் இருக்க வேண்டும். அது ஏன் அவ்வளவு அவசரப்படுகிறது என்பதற்கான விடை மண்ணுக்குள் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்குப் பனி படிந்துவிட்டால், மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் உள்ள மண் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தப் போர்வைக்குக் கீழே பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குளிர்காலம் முழுவதும் சென்ற ஆண்டின் சருகைத் தின்று பெருகுகின்றன. வசந்தத்தில் உருகுநீர் இறங்கியதும் அந்தக் கூட்டம் பெருமளவில் மடிந்து, அதன் உடலில் இருந்த நைட்ரஜன் சில வாரங்களுக்குள் மண்ணில் விடுபடுகிறது. அந்த வேளையில் விழித்திருக்கும் செடிக்கே அது கிடைக்கும். பனி தங்காத மேட்டில் மண் கல்லாக உறைந்துவிடுவதால் இந்தப் பந்தி அங்கே நடப்பதில்லை.

போல்டருக்கு மேற்கே உள்ள நைவட் முகட்டில் 1980 முதல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு நடந்து வருகிறது. ஆண்டு முழுவதும் அங்கே விழும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பனியாகவே விழுகிறது. பனி முன்கூட்டியே உருகினால் என்ன ஆகும் என்று அறிய, ஆய்வாளர்கள் பனியின் மேல் கருமணலைத் தூவிச் சோதித்துப் பார்க்கிறார்கள். இயற்கையே இதே சோதனையைச் செய்கிறது என்றும் சொல்லலாம். மேற்கே உள்ள பாலைநிலங்களிலிருந்து வரும் செம்புழுதி, கொலராடோவின் தென்மேற்கில் உள்ள சான் வான் மலைப்பனியில் படிந்து, வெயிலை உறிஞ்சி, உருகலை வாரக்கணக்கில் முன்தள்ளுகிறது. 1978 முதல் 2007 வரையிலான அளவீடுகளின்படி கொலராடோவில் பனி உருகும் காலம் 2 முதல் 3 வாரங்கள் முன்னால் வந்திருக்கிறது.

இனிக் கந்தகத்துக்கு வருவோம். குளிர்காலமெல்லாம் காற்றிலிருந்து இறங்கும் சல்பேட்டும் நைட்ரேட்டும் பனியில் சேர்ந்துகொண்டே இருக்கும். பனித்துகள்கள் உருகி மறுபடி உறையும்போது, தூய நீர் படிகத்துக்குள் போய், மாசு துகளின் மேற்பரப்புக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே முதலில் ஒழுகும் நீர் அந்த மாசை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. முதல் 30 விழுக்காடு உருகுநீரிலேயே 50 முதல் 80 விழுக்காடு மாசு வெளியேறிவிடுகிறது என்று நார்வே ஆய்வாளர்கள் 1978-லேயே காட்டினார்கள். ஆண்டுச் சராசரியில் எந்தக் குறையும் தெரியாத ஓடை, வசந்தத்தின் சில நாள்களுக்கு மட்டும் மீன் குஞ்சுகளைக் கொல்லும் அளவுக்குப் புளிப்பேறுவது இதனால்தான்.

அந்த நீர் மண்ணைக் கடக்கும்போது நடப்பது இன்னும் முக்கியமானது. சல்பேட் எதிர்மின் சுமையுடையது என்பதால், அது வெளியேறும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் துணைக்கு இழுத்துச் செல்கிறது. அவை தீர்ந்த மண்ணில் வேருக்கு நஞ்சான அலுமினியம் கரைந்து வெளிப்படுகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் இப்படி இழந்த கால்சியத்தை ஈடுகட்ட, 1999-இல் 11.8 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட் கனிமத்தைத் தூவினார்கள். சோர்ந்திருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின.

தூய காற்றுச் சட்டத்தின் 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அமெரிக்க மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு ஆண்டுக்குச் சுமார் 1.57 கோடி டன்னிலிருந்து 2020-இல் 10 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மண்ணுக்கு நினைவு உண்டு. பனியாறுகள் வழித்துப்போட்ட வடகிழக்கின் இளம் மண் சல்பேட்டை அதிகம் பிடித்துவைப்பதில்லை. தெற்கு அப்பலாச்சிய மலைகளின் பழைய, இரும்பு ஆக்சைடு மிகுந்த மண்ணோ அன்று விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்று சிறுகச் சிறுக வெளியிடுகிறது. கொலராடோவின் சில உயர்மலை ஏரிகளில் வேறு கதை. காற்றில் கந்தகம் குறைந்த அதே காலத்தில் ஏரிநீரில் சல்பேட் கூடியிருக்கிறது. பாறை இடுக்குகளில் புதைந்திருந்த பனிக்கட்டி உருகி, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் போன்ற கனிமங்களுக்குக் காற்றும் நீரும் எட்டுவதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வாய்க்கால்கரை எழுதியது:

முதலில் ஓர் எச்சரிக்கை: அந்த ஊர்ப் பக்கம் இனி எந்த வெள்ளைப் படிவையும் நாக்கில் வைக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மாண்ட்ரோஸ் வயலின் கசப்புக்கு உரத்தைக் குறை சொல்ல முடியாது. மலைப்பனியையும் நேரடியாகக் குறை சொல்ல முடியாது. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது மேன்கோஸ் களிப்பாறை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தை மூடியிருந்த கடலின் சேறுதான் இறுகி அப்பாறையானது. அதில் பைரைட்டும், கால்சியம் சல்பேட்டான ஜிப்சமும், சோடியம், மக்னீசியம் சல்பேட்டுகளும் நிறைய உண்டு. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு, இங்கே நிலமே ஜிப்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் புரியும்.

பனி எங்கே வருகிறது என்றால், தண்ணீராக வருகிறது. கனிசன் ஆற்றின் உருகுநீரை மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரும் கனிசன் சுரங்கம் 1909-இல் திறக்கப்பட்டது. மலையிலிருந்து வரும்போது அந்த நீர் நல்ல தண்ணீர். பயிர் குடித்தது போக மிஞ்சியதும், மண் வாய்க்காலில் கசிந்ததும் களிப்பாறைக்குள் இறங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் சேர்கின்றன. நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் அதே நீர் மேலேறி ஆவியாகும்போது நீங்கள் பார்த்த பொருக்கு படிகிறது.

இந்தப் பாறையில் கந்தகத்தோடு, அளவு மீறினால் நஞ்சாகும் செலினியம் என்ற தனிமமும் இருக்கிறது; நாக்கில் வைக்காதீர்கள் என்றது அதனால்தான். வேதியியலில் அது கந்தகத்தின் உடன்பிறப்பு; புரதத்தில் கந்தகம் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆற்றில் அது கூடும்போது மீன் குஞ்சுகள் உருக்குலைந்து பிறக்கின்றன. அங்கே அழிவின் விளிம்பில் உள்ள ரேசர்பேக் சக்கர் மீனுக்கு இது பெரும் அச்சுறுத்தல். உரத்தின் பங்கு இங்கேதான் நுழைகிறது: வயலிலிருந்து இறங்கும் நைட்ரேட் பாறையில் உள்ள செலினியத்தை ஆக்சிஜனேற்றம் செய்து கரையவைக்கிறது. வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றுவதும், பாத்திப் பாசனத்தை விட்டுத் தெளிப்பு நீருக்குப் போவதும் அங்கே நடப்பது தண்ணீர்ச் சிக்கனத்துக்காக மட்டும் அல்ல, இந்த உப்பைப் பாறையிலேயே விட்டுவைப்பதற்காகவும்தான்.

மலைநடையன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி, நாக்கை அடக்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. இப்போது கந்தகம் மண்ணில் சேர்வதற்கு வேளாண்மையே பெரிய வழி என்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது மிகைப்படுத்தலா?

திராட்சைப்பந்தல் எழுதியது:

மிகை இல்லை ஐயா, ஆனால் எந்த வயல் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈவ்-லின் ஹிங்க்லியும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை அது. அமில மழை உச்சத்தில் இருந்தபோது விழுந்த கந்தகத்தைப் போலப் பத்து மடங்கு வரை இன்று சில பயிர்நிலங்களில் இடப்படுகிறது என்பது அதன் கணக்கு.

நான் கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தில் சில பருவங்கள் வேலை பார்த்தவள். சாம்பல் நோய் வராமல் இருக்க, மொட்டு விரிந்தது முதல் பழம் நிறம் மாறும் வரை, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கந்தகப் பொடி தூவுவோம். காற்று அடங்கிய விடியற்காலையில்தான் தூவ முடியும். வேலை முடிந்து தொப்பியை உதறினால் மஞ்சள் தூள் பறக்கும், கண் எரியும். கலிஃபோர்னியாவில் எடைக்கணக்கில் மிகுதியாகப் பயன்படும் பயிர்ப் பாதுகாப்புப் பொருளே கந்தகம்தான். கரிம வேளாண்மையிலும் அதற்கு அனுமதி உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. இலையிலிருந்து மண்ணில் விழும் பொடியை பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. குளிர்கால மழையில் சல்பேட் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறது.

வெளியேறிப் போய் எங்கே தங்குகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கு வடக்கே உள்ள கரும்பு நிலங்களில், மட்கு மண்ணின் காரத்தன்மையைக் குறைத்துப் பாஸ்பரஸை விடுவிக்கக் கந்தகம் இடுகிறார்கள். அந்தச் சல்பேட் சதுப்பில் இறங்கியதும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அதைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, காற்றின் வழியே வந்து படிந்த பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனிலும் மீன் தின்னும் பறவையிலும் சேர்வது அந்த வடிவம்தான். சல்பேட் அளவுக்கு மீறிக் கூடினால் அதிலிருந்து உண்டாகும் சல்ஃபைடு பாதரசத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால், மிக மோசமான இடங்கள் சல்பேட் நடுத்தரமாக உள்ள இடங்களே.

வாய்க்கால்கரை எழுதியது:

திராட்சைப்பந்தல் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காற்று தூய்மையானதால் கந்தகப் பற்றாக்குறை வந்த வயல்களும் உண்டு. அயோவாவின் வடகிழக்கில் 2000-களின் நடுவில் குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் வெளிறிப்போனது கந்தகம் இல்லாமல்தான். ஆகவே கந்தக உரமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாண்ட்ரோஸ் நண்பருக்கு மட்டும் அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. எதற்கும் மண் பரிசோதனைக்கு அனுப்பும்போது, மேல்மண்ணை மட்டும் அள்ளாமல் இரண்டடி ஆழம் வரை தனித்தனியாக மண் எடுக்கச் சொல்லுங்கள். சல்பேட் நீரோடு கீழிறங்கிவிடும் என்பதால், மேலே குறைவாகக் காட்டும் வயலில் வேர் எட்டும் ஆழத்திலேயே நிறைய இருக்கக்கூடும்.