மெட்டபாலிக் ஹெட்ரோஜெனிட்டி: ‘பன்முகத்தன்மை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே கட்டிக்குள் உயிரணுக்கள் சத்தை ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துவதைத்தான் மெட்டபாலிக் ஹெட்ரோஜெனிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> வளர்சிதைமாற்றப் பன்முகத்தன்மை என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பன்முகத்தன்மை என்பது பண்பாடு, மொழி என்று மேடையில் பெருமையாகச் சொல்லிப் பழகிய சொல். மூளைக்கட்டி வந்தவரின் வீட்டாரிடம் “கட்டியில் பன்முகத்தன்மை இருக்கிறது” என்று எந்த வாயால் சொல்வது?

நான் இருப்பது வேலூர், சத்துவாச்சாரி. நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) தான். ஸ்கேன் உறையை மடியில் வைத்திருப்பவர் ஒருவராவது இல்லாமல் இங்கே பஸ் கிளம்பாது. இந்தச் சொல் அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

போன மாதம் சித்தியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தேன். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனின் பெட் (PET) ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஒரே கட்டிதானே தம்பி, ஏன் திட்டுத் திட்டா இருக்கு?”

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. பெட் ஸ்கேனில் வழக்கமாக ஏற்றும் எஃப்டிஜி, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருள். உயிரணு அதைச் சர்க்கரை என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் அது உள்ளேயே தங்கிவிடும். அதில் உள்ள ஃப்ளூரின்-18 கதிர்வீசி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுமார் 110 நிமிடத்தில் அது பாதியாகிவிடும். சர்க்கரையை நிறைய இழுக்கும் இடம் ஒளிரும், ஆக்சிஜன் எட்டாமல் செத்துப்போன நடுப்பகுதி இருண்டு கிடக்கும். மூளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, குளுக்கோஸில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நல்ல மூளையே ஒளிர்வதால் கட்டி அதில் மறைந்துபோகும். அதற்காகத்தான் மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களை ஏற்றிப் பார்க்கிறார்கள்; நல்ல மூளை அவற்றைக் குறைவாகவே எடுக்கும். எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே திசுவில் உள்ள வேதிப்பொருள்களை அறியும் எம்.ஆர். நிறமாலையில் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஐடிஹெச் (IDH) என்ற மரபணு பிறழ்ந்த கட்டிகளில் சேரும் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேதிப்பொருளைக் கத்தி வைக்காமலே கண்டுபிடிக்க முடிகிறது.

சரி, அப்படியானால் ‘திட்டு’ என்றே வைத்துவிடலாமா? முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பெட் படத்தில் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய இடமே நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் லட்சக்கணக்கான உயிரணுக்கள். சர்க்கரையை விழுங்குவதும் வேறொன்றைத் தின்று பிழைப்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் படத்தில் ஒரே நிறம்தான். ஆகவே உயிரணுக்களிடம் இருப்பது வேறு, படத்தில் தெரிவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் தவறாகிவிடும்.

பள்ளி வேதியியலில் ‘பலபடித்தான கலவை’ என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அங்கிருந்து எடுத்து, உயிரணுக்களிடம் உள்ளதை ‘வளர்சிதைப் பலபடித்தன்மை’ என்போம். படத்தில் தெரிவதற்கு அந்த அம்மா சொன்ன ‘திட்டு’ இருக்கட்டும். ஹெட்ரோஜெனிட்டிக்கு ‘மாறுபாடு’ என்ற சொல்லும் வேண்டாம். ‘வளர்சிதைமாற்ற மாறுபாடு’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘மாற்ற மாறு’ என்று நாக்கு தடுக்குவது தெரியும்.

எழுதிப் பார்த்த ஒரு வரி: “கட்டியின் வளர்சிதைப் பலபடித்தன்மை பெட் படத்தில் திட்டுகளாகத் தெரிந்தது, நன்கு ஒளிர்ந்த திட்டிலிருந்து திசு எடுக்கப்பட்டது.”

நீளம் கருதி ‘மாற்றம்’ என்பதை வெட்டியிருக்கிறேன். வளர்மாற்றம், சிதைமாற்றம் இரண்டும் ‘வளர்சிதை’யிலேயே அடங்கிவிடுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.