புதுப்பிப்பு: சம்பளம் கூடியும் மனம் நிறையவில்லை என்று கேட்டிருந்தேனே

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அடுத்தவர் வீடு, கார் என்றே மனம் ஓடுகிறது, வேதத்தில் (பைபிளில்) எதை வாசிக்கலாம் என்று கேட்டிருந்தேன். 37-ம் சங்கீதம் ஆறுதலாக இருந்தது, ஆனால் தங்கவில்லை. உதவியது, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியரை ஒரே மூச்சில் வாசியுங்கள் என்ற யோசனைதான். நாலே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகாது. பவுல் காவலில் கட்டுண்டு கிடந்து எழுதியது என்பதை நினைவில் வைத்து 4:11-க்கு (4-ம் அதிகாரம், 11-ம் வசனம்) வந்தால், மனரம்மியமாக, அதாவது உள்ளதில் திருப்தியாக இருப்பதை அவரே கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார், அப்புறம் எனக்கு மட்டும் ஒரே ஜெபத்தில் வந்துவிடுமா?

எதிர்பாராதது ஒன்று. பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் நாம் சொல்லும் 4:13 (என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு), முந்தின வசனத்தோடு சேர்த்தால் பசியையும் நிறைவையும் ஒருபோலத் தாங்கும் பெலனைப் பற்றியது. அதே அதிகாரத்தில் பிலிப்பி சபையாரிடமிருந்து எப்பாப்பிரோதீத்து என்பவர் கொண்டுவந்த உதவிக்கும் பவுல் சந்தோஷப்படுகிறார், யார் தயவும் வேண்டாம் என்ற வீறாப்பு இல்லை.

இப்போது ஒப்பிடுவது குறைந்திருக்கிறது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மட்டும் கொஞ்சம் தலைதூக்கும். வேறு வேலை தேடுவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.