நிறத்தைப் பார்த்து "நீ யார் பிள்ளை?" என்று கேட்கப்பட்டவர்கள் உண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

திரியைத் தொடங்கியவர்:

தோல் நிறம் என்று பேச்செடுத்தாலே அழகு, கிரீம், விளம்பரம் என்று போய்விடுகிறோம். இங்கே வேறொன்றைப் பேச ஆசை. நம் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாம் யாருடைய பிள்ளை, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று அடுத்தவர்கள் முடிவு செய்துவிடுகிறார்களே, அது நமக்குள் என்ன செய்கிறது?

எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன் மூவருமே நல்ல வெளுப்பு. நான் கறுப்பு. சின்ன வயதில் எங்கே போனாலும் "இவளும் உங்க பொண்ணா?" என்ற கேள்வி வந்துவிடும். அம்மா "ஆமா" என்றதும் அடுத்தது: "அப்போ யாரு மாதிரி?" கேட்டவர்கள் அடுத்த நிமிடமே மறந்திருப்பார்கள். எனக்கு அது தங்கிவிடும். அண்ணன் அந்த வீட்டுப் பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நான்தான் நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. குடும்பப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மூக்கு, காது, நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பொருத்தம் தேடியிருக்கிறேன்.

ஒருநாள் அத்தை போகிற போக்கில், "நீ அப்படியே எங்க அம்மா நிறம்" என்றார். அப்பாவைப் பெற்ற பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். அவருடைய ஒரே படம் கறுப்பு வெள்ளைப் படம், அதில் நிறம் எங்கே தெரியும்? அன்றிலிருந்து பாட்டியைப் பற்றி விடாமல் கேட்க ஆரம்பித்தேன். எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், யாரோடு மனஸ்தாபம் என்று எல்லாம். இன்று எங்கள் வீட்டில் பாட்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான்தான். அண்ணனுக்குக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

படித்துத் தெரிந்துகொண்டது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோல் நிறத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு அல்ல, பல. பெற்றோரிடமிருந்து அவை எந்தச் சேர்க்கையில் வருகின்றன என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு நிறமாக இருப்பதில் விசித்திரம் எதுவும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் பொருளான மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கைகூட எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு.

மறுமொழி 1:

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வெண்புள்ளி. உடலின் எதிர்ப்பு சக்தியே நிறம் தரும் செல்களை அழித்துவிடுகிற நிலை இது, தொற்றாது. இதைச் சொல்லாவிட்டால் கை கொடுக்கவே தயங்குகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது.

நானும் அம்மாவும் ஒரே நிறம். நல்ல கறுப்பு. தூரத்தில் நடந்து வந்தாலே "தாயும் மகளும் வர்றாங்க" என்பார்கள். கறுப்பு என்று பள்ளியில் கேலி செய்யப்பட்டபோது அம்மா என் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்துக் காட்டுவார். சமாதானமாக ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் வெளுப்பாக வேண்டும் என்று ஏங்கியவள்தான் நான். அப்புறம் விரல் நுனியில் ஆரம்பித்து, முழங்கை, கழுத்து, முகம் என்று வெளுத்துக்கொண்டே போனது. "பரவாயில்லை, நீ கலராயிட்ட" என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் போனது அம்மாவின் நிறம். கண்ணாடியில் அம்மாவின் சாயலைத் தேடினால், புள்ளி இன்னும் படராத இடத்தில்தான் அது இருந்தது.

மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். நிறத்தைத் திரும்பக் கொண்டுவர மருந்தும் ஒளிச் சிகிச்சையும் முயலலாம். பெரும்பகுதி வெளுத்துப்போனவர்களுக்கு மிச்சத்தையும் வெளுக்கச் செய்வதும் ஒரு வழி. இரண்டாவதை எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான், சிலருக்கு அதுவே நிம்மதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. மிச்சமிருக்கிற கறுப்பு எனக்கு வேண்டும். ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அன்று என் முகப்படத்தை முதன்முறையாகப் பூச்சு எதுவும் இல்லாமல் போட்டேன். அம்மா அதைத் தன் கைபேசியில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

மறுமொழி 2:

நான் தத்துப் பிள்ளையின் அப்பா. மகளுக்கும் எங்களுக்கும் நிறம் ஒட்டவே ஒட்டாது. அவள் தன்னை வரையும்போதெல்லாம் எங்கள் நிறத்தையே பூசிக்கொண்டிருந்தாள். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி அமெரிக்காவில் பொம்மைகளை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்று காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வும் சுட்டப்பட்டது.

மகளின் பிறந்த குடும்பத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் ஒளிக்காமல் சொல்லத் தொடங்கினோம். "உன் நிறம் அவங்க கொடுத்தது, உன் பிடிவாதம் நாங்க கொடுத்தது" என்பேன். இப்போது படத்தில் மூன்று பேருக்கும் மூன்று வண்ணம் எடுக்கிறாள்.

மறுமொழி 3:

எல்லோரும் கறுப்பாக இருப்பதன் வலியைச் சொல்கிறீர்கள், சரிதான். நான் மறுபக்கம். அப்பா வேறு இனம், அம்மா வேறு இனம். எனக்கு வந்தது அப்பாவின் வெளிர் நிறம், வளர்த்ததோ அம்மா வழி உறவுகள். அவர்களின் மொழிதான் எனக்குக் கனவிலும் வரும். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தால் "உனக்கென்ன தெரியும்?" என்று வந்துவிடும்.

அது வலிக்கும். இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒரே கதவின் முன் நானும் என் சித்தி மகனும் நின்றால், காவலாளி அவனிடம்தான் அடையாள அட்டை கேட்பார். என் வலி ஒதுக்கப்படும் வலி. அவன் படுவது அதோடு பயமும் சேர்ந்தது. என்னை வெளியாள் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

மறுமொழி 4:

செவிலியராக இருக்கிறேன். "நான் நிறமே பார்ப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடலாம். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அதனால் நான் நிறத்தைப் பார்க்கத்தான் செய்வேன். கருவி சரியென்று காட்டினாலும் மூச்சு வாங்கினால் மருத்துவரை அழைத்து ரத்தப் பரிசோதனைக்குக் கேட்பேன்.

மறுமொழி 5:

நான் இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தை யார் நிறத்தில் வரும் என்று வீட்டில் பந்தயமே நடக்கிறது. பிறந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிடுமே என்று இப்போதே பயம். என்ன பதில் சொல்வது?

திரியைத் தொடங்கியவர்:

தங்கச்சி, முதலில் ஒன்று: பிறந்தவுடன் இருக்கும் நிறம் நிலையானது அல்ல. பல குழந்தைகள் வெளிர் நிறமாகப் பிறந்து, அடுத்து வரும் மாதங்களில்தான் தங்கள் நிறத்துக்கு வருவார்கள். ஆகவே பந்தயத்தில் அன்றைக்கே யாரும் ஜெயிக்க முடியாது என்று சொல்லுங்கள். "யாரு மாதிரி?" என்று கேட்பவர்களிடம் நம் வீட்டில் அதே நிறத்தில் இருந்தவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்று திருப்பிக் கேளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள், பிறந்த பிறகு உட்கார நேரம் கிடைக்காது.