மறைபிரிவா, மறைபாத்தியா? நாளைக்குள் முடிவு வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஐந்து நாளாக இந்த இழை நீள்கிறது. சனிக்கிழமை ஏர்வாடியில் வகுப்பு. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுவதற்கான நான்கு பக்கக் கையேடு நாளை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். 'ஹிடன் பார்ட்டிஷன்', அதாவது வட்டில் இருந்தும் விண்டோஸ் காட்டாத பகுதி, அதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாததால் அது வரும் இடமெல்லாம் இன்னும் காலிக் கோடுதான்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: வாலிநோக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, விண்டோஸ் 7 உள்ள மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அதில் சி, டி இரண்டுதான் தெரியும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, வட்டைப் பிரிக்கும் செயலியான ஜிபார்ட்டெட்டைத் திறந்தால் நான்கு பட்டைகள். முதலில் 100 எம்பியில் ஒன்று, கடைசியில் தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பகுதி. வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை நான்கு முதன்மைப் பிரிவுகளுக்குமேல் ஏற்காது; நான்கும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. அதனால் டி-யைச் சுருக்கி 60 ஜிபி ஒதுக்கியும் அதில் எதையும் உருவாக்க முடியவில்லை. "சார், இடம் இருக்கு, ஏன் விடமாட்டேங்குது?" என்றாள். டி-யில் இருந்ததை வேறு வட்டுக்கு நகலெடுத்து, அதை அழித்து, அங்கே, உள்ளே பல சிறு பிரிவுகளை வைத்துக்கொள்ளக்கூடிய நீட்டிப்புப் பிரிவு போட்டோம். வேலை முடிந்தது. நடந்ததைத் தமிழில் விளக்கத்தான் சொல் கிடைக்கவில்லை.

சிலர் 'மறைந்த பகிர்வு' என்றீர்கள். செய்தித்தாளில் 'மறைந்த' என்றால் இறந்தவர். கைபேசியில் 'பகிர்' என்றால் ஷேர். இரண்டும் சேர்ந்தால் மாணவிக்கு என்ன புரியும்?

பெரியவர் ஐயா கரந்துறைப் பாட்டிலிருந்து 'கரந்துறை பகுதி' எடுத்துத் தந்தார். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பதைப் போல, வட்டுக்குள் ஒளிந்த வட்டு. அழகான சொல், ஐயா. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதலில் சித்திரகவி நடத்தி, அப்புறம்தான் லினக்ஸ் நடத்த வேண்டிவரும்.

தம்பி ஒருவர், அந்த மீட்புப் பகுதி மறையவே இல்லை, அட்டவணையில் வகை எண் 27 என்று குறித்திருப்பதால் விண்டோஸ் அதற்கு சி, டி போல எழுத்து தராமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். உண்மைதான். லினக்ஸில் பிரிவுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைத் தட்டினால் எல்லாமே வரிசையாக வந்து நிற்கும். அதனால்தான் எனக்கு வினைத்தொகை பிடிக்கிறது. 'மறை' தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே பகுதி. மறைந்த, மறைத்த இரண்டும் 'மறைபிரிவு' என்பதற்குள் அடங்கும். ஒற்று மட்டும் போடாதீர்கள். ஊறுகாய், சுடுசோறு போலத்தான் இதுவும். 'மறைப்பிரிவு' என்று எழுதினால் வேதத்தின் பிரிவாகிவிடும்.

'பிரிவு' என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கையேட்டில் 'பிரிவு 3-ஐப் பார்க்கவும்' என்றும் வருகிறதே. அதனால் 'பாத்தி' என்றேன். பகு என்ற அடியிலிருந்து வந்த சொல். 'பாத்தூண் மரீஇ யவனை' என்ற குறளில் (227) பாத்து என்றால் பகுத்து. வாலிநோக்கம் உப்பளத்தில் போய்ப் பாருங்கள்: ஒரே நிலம், நடுவில் வரப்பு, பாத்திக்குப் பாத்தி வேறு நீர். வரப்பை நகர்த்தினால் ஒன்று சிறுக்கும், மற்றது பெருக்கும். கவனமில்லாமல் வெட்டினால் பக்கத்துப் பாத்தியின் உப்பும் கரைந்துபோகும். வகுப்பில் இதைச் சொன்னதும் அந்த மாணவி, "அப்ப நீட்டிப்புன்னா பெரிய பாத்திக்குள்ள சின்னப் பாத்தி கட்டுறது" என்றாள். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

சென்னை அக்கா, பாத்தி என்றதும் தக்காளிச் செடிதான் நினைவு வருகிறது என்கிறார். வரட்டும் அக்கா, தோட்டப் பாத்தியும் வரப்பு கட்டிப் பிரித்ததுதானே. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்கெனவே 'பிரிவு' நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கிறது, மாற்ற ஆளில்லை என்கிறீர்களே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

எண்ணிப் பார்த்தேன்: மறைபிரிவுக்கு ஏழு பேர், மறைபாத்திக்கு என்னோடு மூன்று, கரந்துறைக்கு ஐயா ஒருவர். கையேட்டில் 'மறைபிரிவு' என்றே அச்சிடுகிறேன். வகுப்பில் பாத்தி என்றுதான் சொல்வேன். அடுத்த பதிப்பில் இதைத் திரும்பவும் கேட்பேன்.

பிரைமரிக்கு 'முதன்மை', எக்ஸ்டென்டட்டுக்கு 'நீட்டிப்பு' என்று போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் நாளைக் காலை பத்து மணிக்குள் எழுதுங்கள். கடைக்காரர் பதினொன்றுக்குக் கடையைச் சாத்திவிடுவார்.