குறுந்தொகை 25: குருகு உள்ளுறையா, இறைச்சியா?

வினா:
கபிலர் பாடிய இப்பாடலுக்கு அணிநயமும் பொருள்நயமும் எழுத முயல்கிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

‘தினைத்தாள் அன்ன’ என்பது உவமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகை, அதாவது அந்தக் கொக்கினப் பறவையை, சொல்லாத பொருளை ஒப்புமையால் உணர்த்தும் உள்ளுறை உவமமாகக் கொள்வதா, காட்சிக்கு அப்பால் தோன்றும் குறிப்பான இறைச்சியாகக் கொள்வதா? ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் ‘குருகும் உண்டு’ என்பது முரணாகாதா?

மறுமொழி 1:
நண்பரே, அணியின் பெயரைத் தேடுமுன் கூற்றைப் பாருங்கள். களவில், அதாவது மணத்துக்கு முன் மறைவாகக் கூடிய தலைவன் மணம் பேச வராமல் நாள் கடத்துகையில், தலைவி தோழியிடம் சொல்வது இது. அவன் மறுத்துவிட்டால் நடந்ததை எடுத்துரைக்க அங்கே மனிதர் எவரும் இருக்கவில்லை. இருந்தது ஒரு குருகு, அதன் கவனமும் ஓடுநீரில் வரும் ஆரலின் மீதே இருந்தது. எனவே முரண் இல்லை. ‘குருகும்’ என்பதிலுள்ள ‘உம்’மை, ‘அற்பமான அதுவும்கூட’ என்னும் பொருள் தரும் இழிவு சிறப்பும்மையாகக் கொண்டால், பேசவும் இயலாத, தங்களைப் பார்த்திராத ஒரு பறவையைக்கூடச் சாட்சிக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு அவள் கையற்று நிற்பது விளங்கும். உவமையும் அழகுக்காக மட்டும் வந்ததன்று. கூடிய பொழுதில் குருகு அவளைப் பார்க்கவில்லை. அவளோ அதன் காலின் மெலிவையும் பசுமையையும் தினைத்தாளோடு ஒப்பிடும் அளவுக்குப் பார்த்திருக்கிறாள். நடந்தது அனைத்தும் அவள் ஒருத்தியின் நினைவில் மட்டுமே பதிந்திருக்கிறது என்பதை அந்த நுணுக்கமே காட்டிவிடுகிறது.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கத்தோடு உடன்படுகிறேன். உள்ளுறை பற்றி மட்டும் சேர்க்கிறேன். தெய்வம் ஒழிந்த கருப்பொருளை (நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம் முதலியவற்றை) நிலைக்களமாகக் கொண்டு, சொல்லாத பொருளை ஒப்புமையால் உணர்த்துவதே உள்ளுறை என்பது தொல்காப்பியக் கருத்து. அவ்வகையில் இரைக்குக் காத்திருக்கும் குருகைத் தலைவனாகவும் ஆரலைத் தலைவியாகவும் பொருத்தலாம். ‘கள்வன்’ என்ற சொல்லும் அதற்குத் துணை நிற்கும். ஆயினும் நான் அதை முதன்மையான பொருளாக ஏற்கத் தயங்குகிறேன். குருகைத் தலைவனாக்கினால் அது சாட்சியாக நிற்கும் நிலை மங்கி, பாட்டின் துயரம் குறைந்துவிடும். மேலும் ‘பொய்ப்பின்’ என்று அவள் ஐயத்தோடு சொல்கிறாளே அன்றி, பொய்த்துவிட்டான் என்று இன்னும் சொல்லவில்லை. அவனை வேட்டைப் பறவையாக்குவது அவளுக்கு எஞ்சியுள்ள நம்பிக்கையை மறைத்துவிடுகிறது. காட்சிக்கு அப்பால் தோன்றும் குறிப்பாக, இறைச்சி என்று எழுதுவதே பொருந்தும்.

மறுமொழி 3:
யாப்பையும் குறிப்பிடுங்கள். ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீரால் வந்த நேரிசை ஆசிரியப்பா. இரண்டாம் அடியில் ‘தான்அது’, ‘யான்எவன்’ என்பவை முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் அமைந்த பொழிப்பு எதுகை. குருகும் ஒழுகுநீரும் வேறு நிலத்தை நினைவூட்டினாலும், திணையை முடிவு செய்வது உரிப்பொருள் (பாட்டின் அக ஒழுக்கம், இங்கே கூடல்) என்பதால் இது குறிஞ்சியே.