சுரை விதையைத் தெருவுக்குள் பகிரும்போது கலப்பு வராமல் காப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டார் நாட்டு விதைகளை மாற்றிக்கொள்கிறோம். என் மாமியார் கைவழியாக வந்த குண்டுச் சுரையின் விதையை ஆடிப்பட்டத்துக்குப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தேன். அங்கே காய்த்ததோ கழுத்து நீண்ட காய். எங்கே தவறினேன்? வாங்கியவர்களிடம் விதையைத் திருப்பிக் கேட்பது முறையா?

பதில் 1:
அம்மா, அடுத்த கொல்லையில் இருந்த நீட்டுச் சுரையின் மகரந்தத்தைப் பூச்சிகள் உங்கள் கொடிக்குக் கொண்டுவந்திருக்கும். சுரைப்பூ மாலையில்தான் மலரும் என்பதால், அன்று மதியமே ஓர் ஆண் மொட்டையும், அடியில் பிஞ்சு தெரியும் ஒரு பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, பொழுது சாயும் வேளையில் ஆண் பூவின் இதழை உரித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவி, பூச்சி நுழையாதபடி பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் காம்பில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி, ஓடு காய்ந்து, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை கொடியிலேயே விடுங்கள்.

பதில் 2:
எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி வையுங்கள்.

பதில் 3:
திருப்பிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், சகோதரி. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதைநெல் பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் தர வேண்டும் என்றே வைத்திருந்தார். ஒரே ரகம் மூன்று வீடுகளிலாவது இருக்கட்டும்; ஒரு கொல்லை வெள்ளத்தில் போனாலும் விதை தப்பும்.