புதுப்பிப்பு: 63 மி.மீ. பிளேட் தூணில் வெல்டிங் விரிசல், காரணம் தெரிந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மணலி ஷெட்டில் செய்த கனமான தூணில், பட்டை (ஃபிளேஞ்ச், தூணின் ஓரத்துத் தட்டைப் பிளேட்) வெல்டிங் ஆறிய பிறகு 'டப்' என்ற சத்தத்தோடு பிளந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். உடைந்த முகத்தில் இழுபட்ட தடமே இல்லை, சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி மின்னியது.

பலர் இரும்பு தரம் குறைந்தது என்றீர்கள். சார்ப்பி சோதனையில் (அடித்து உடைத்து இரும்பின் உறுதியைப் பார்ப்பது) தேறிவிட்டது, இரும்பு சரிதான். வெல்டிங் ராடும் சூட்டடுப்பில் (ஓவன்) காய்ந்ததுதான்.

"வெல்டிங்கை விடுங்கள், ராட் ஹோல் விளிம்பைப் பாருங்கள்" என்று பதில் போட்ட அண்ணன் சொன்னதுதான் சரி. ராட் ஹோல் என்பது வெல்டிங் செய்ய வழிவிடும்படி பிளேட்டில் வெட்டும் வளைவான துளை. அந்தத் துளையைச் சூடாக்காமலே கேஸ் கட்டிங்கில் வெட்டியிருந்தார்கள். தடித்த பிளேட் வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் வெட்டுமுகம் கடினமாகி, நொறுங்கும் தோலாகிவிடுகிறது. வெல்டிங் சுருங்கி இழுத்ததும் அங்கிருந்த வெட்டுப்பள்ளத்தில் பிளவு தொடங்கியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: இன்னும் வெல்டிங்கே பண்ணாத பக்கத்துத் தூணிலும் காந்தத்தூள் சோதனையில் (காந்தமும் இரும்புத்தூளும் வைத்து மேற்பரப்புக் கீறலைக் காட்டுவது) அதே துளை வளைவில் முடி போல ஒரு கீறல்! வெல்டர் மேல் பழி போட்டது அநியாயம்.

இப்போது 65 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு வெட்டுகிறோம். அப்புறம் பளபளப்பான உலோகம் தெரியும்வரை கிரைண்டிங், காந்தத்தூள் சோதனை, அதன் பிறகே வெல்டிங். அதற்கு 110 டிகிரி முன்சூடு. அல்ட்ராசானிக் சோதனையை (ஒலி அலையால் உள்விரிசல் பார்ப்பது) 48 மணி நேரம் கழித்தே செய்கிறோம், ஏனென்றால் வெல்டிங்கில் புகுந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் தாமதமாகவும் வரும். மாற்றிய மூட்டுகளில் இதுவரை விரிசல் இல்லை.